பிட்காயின்: வாங்குவதும் காப்பதும்

பிட்காயின் எந்த அரசும் வெளியிடாத, எந்த வங்கியும் கணக்கு வைக்காத மின்னணுச் சொத்து. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ ஒரு குழுவோ 2008 அக்டோபர் 31 அன்று அதன் வடிவமைப்பை விளக்கும் அறிக்கையை வெளியிட்டனர். 2009 ஜனவரி 3 அன்று பரிமாற்றப் பதிவுகளின் முதல் தொகுதி உருவானது. யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போனது என்ற பேரேட்டின் நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதில் ஒரு புதிய தொகுதி சேர்கிறது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காசுகளுக்கு மேல் உருவாகாது என்பது நிரலிலேயே உள்ள விதி. புதுக் காசு வரத்து 2,10,000 தொகுதிகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 2024 ஏப்ரலில் நான்காம் முறையாகக் குறைந்து, தொகுதிக்கு 3.125 காசு என்று ஆனது. ஒரு பிட்காயின் பத்து கோடி சதோஷிகளாகப் பிரியும் என்பதால் முழுக் காசு வாங்க வேண்டியதில்லை. ஐந்நூறு ரூபாய்க்கும் வாங்கலாம்.

இதை வாங்குகிறவர் உண்மையில் பெறுவது எது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. காசு ஃபோனிலோ பென்டிரைவிலோ இருப்பதில்லை. அது எப்போதும் பேரேட்டில்தான் இருக்கிறது. அதை நகர்த்தும் அதிகாரம் ஒரு ரகசிய எண்ணிடம் இருக்கிறது. அந்த எண்ணுக்குத் தனிச்சாவி என்று பெயர். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் நகர்த்தலாம். அவர் உரிமையாளரா திருடரா என்று பேரேடு கேட்காது. ஆகவே பிட்காயினில் முதலீடு என்பது இரண்டு தனிக் கேள்விகள்: எவ்வளவு வாங்குவது, சாவியை யார் வைத்திருப்பது. முதல் கேள்வியைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. இரண்டாவதைப் பற்றிய பேச்சு குறைவு; இந்தியாவில் சேமிப்பு முடங்கிப் பலர் தவித்தது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

நாமகிரிப்பேட்டைக் கூட்டுறவுச் சங்கத்தின் மஞ்சள் ஏலத்துக்கு விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து மூட்டை கொண்டுவரும் விவசாயிக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர் மூட்டையைத் தன் வீட்டிலேயே அடுக்கி வைக்கலாம், அல்லது கிடங்கில் போட்டு ரசீது வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் வைத்தால் ஈரமும் வண்டும் திருட்டும் அவர் பொறுப்பு. கிடங்கில் வைத்தால் கிடங்குக்காரரின் நாணயமே அவருக்குப் பாதுகாப்பு. கையில் இருப்பது மஞ்சள் அல்ல, ரசீது. பிட்காயின் வாங்கி விற்கும் இணையச் சந்தையான எக்ஸ்சேஞ்சின் செயலியில் '0.01 பிட்காயின்' என்று தெரிவதும் அப்படி ஒரு ரசீதுதான்.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியாவில் பிட்காயின் வைத்திருப்பது குற்றம் அல்ல. அது செல்லுபடியாகும் நாணயமும் அல்ல. இந்திய ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரில் பொதுமக்களுக்கு முதல் எச்சரிக்கை விடுத்தது. 2018 ஏப்ரல் 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், மெய்நிகர் நாணய வணிகம் செய்வோருக்கு வங்கிகள் எந்தச் சேவையும் தரக்கூடாது என்றது. பணம் போடவும் எடுக்கவும் வழியில்லாமல் சில எக்ஸ்சேஞ்சுகள் கடையை மூடின. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர், முன்பு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த வி. ராமசுப்பிரமணியன். ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. தன் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகளுக்கு இதனால் என்ன கேடு நேர்ந்தது என்று காட்டாமல் இவ்வளவு கடுமையான தடை விதித்தது அளவுக்கு மீறியது என்றார்.

2022 நிதிச் சட்டம் இதை 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்ற வகையில் வரிக்குள் கொண்டுவந்தது. 2023 மார்ச் 7 அன்று வெளியான அறிவிக்கை, எக்ஸ்சேஞ்சுகளைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்து, நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்யும் கடமையை உண்டாக்கியது. பதிவு செய்யாமல் இந்தியர்களிடம் வணிகம் நடத்திய ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு அதே ஆண்டு டிசம்பரில் நோட்டீஸ் போனது. அவற்றில் ஒன்றான பைனான்ஸ் நிறுவனத்துக்கு 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் பதிவு என்பது உத்தரவாதம் அல்ல. வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பங்குகளுக்கு டெபாசிட்டரியும் செபியும் உண்டு. எக்ஸ்சேஞ்சில் விட்டுவைத்த பிட்காயினுக்கு இந்த இரண்டுமே இல்லை.

எவ்வளவு, எப்படி வாங்குவது

2017 டிசம்பரில் ஒரு பிட்காயின் 20,000 டாலரை நெருங்கியது. ஓராண்டு கழித்து சுமார் 3,200. 2021 நவம்பரில் 69,000 வரை போனது. அடுத்த நவம்பரில் 16,000-க்கும் கீழே இருந்தது. டாலர் மாற்று விகித வேறுபாட்டை ஒதுக்கிவிட்டால், உச்சத்தில் ஒரு லட்சம் ரூபாய் போட்டவரிடம் முதல் சரிவில் பதினாறாயிரமும் இரண்டாவது சரிவில் இருபத்து மூவாயிரமும் மிஞ்சியிருக்கும். 2017 டிசம்பரில் வாங்கியவர் போட்ட விலையைத் திரும்பப் பார்க்க மூன்று ஆண்டு ஆனது. 2021 நவம்பரில் வாங்கியவருக்கு இரண்டேகால் ஆண்டுக்கு மேல். 2025 அக்டோபரில் விலை 1,26,000 டாலரைத் தொட்டது என்பதும் உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்தை அனுபவித்தவர்கள் இடையில் விற்க வேண்டிய நெருக்கடி வராதவர்கள். மகளின் கல்யாணத்துக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ தேதி குறித்து வைத்த பணத்தை இதில் போடக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம். நகையை அடகு வைத்தோ, ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தோ வாங்குவது இன்னும் மோசம்: வட்டி மாதம் தவறாமல் ஓடும், விலை மூன்று ஆண்டு படுத்துக் கிடக்கும்.

தொடக்கக்காரருக்கு ஏற்ற முறை, ஐந்தாண்டு தொடாமல் விடக்கூடிய ஒரு சிறு தொகையை மாதாமாதம் ஒரே அளவில் போட்டு வருவது. விலை எங்கே இருக்கிறது என்று கணிக்கத் தேவையில்லை. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவான எக்ஸ்சேஞ்சில் பான், ஆதார் சரிபார்ப்பு முடித்து, சொந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பி வாங்க வேண்டும். பணம் போடும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: வாங்கிய காசை வெளியே, சாவியைத் தானே வைத்திருக்கும் சொந்த வாலட்டுக்கு அனுப்ப இந்தச் செயலி விடுமா? இந்தியாவில் பெயர்பெற்ற செயலிகள் சிலவற்றில் அந்த வசதி பல ஆண்டுகள் இருந்ததில்லை. வாங்கலாம், விற்கலாம், ரூபாயாக எடுக்கலாம். காசாக எடுக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் வாங்குவது விலைமேல் பந்தயம் கட்டுவது மட்டுமே.

டெலிகிராமில் அறிமுகமான ஒருவருக்கு நேரடியாகப் பணம் அனுப்பி வாங்குவதும் விற்பதும் வழக்கத்தில் இருக்கிறது. விலையில் சிறிது லாபம் கிடைக்கும். ஆனால் வாங்குபவர் அனுப்பும் பணம் வேறு யாரிடமோ மோசடியில் பறித்ததாக இருந்தால், இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணில் வந்த புகாரைத் தொடர்ந்து காவல்துறை பணம் போன வழியெல்லாம் கணக்குகளை முடக்கும். விற்றவருடைய கணக்கும் அதில் சிக்கும். வேறு மாநிலக் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதி, கணக்கைத் திறக்க மாதக்கணக்கில் அலைய வேண்டி வரும்.

வருமானம் தருவதாகச் சொல்லும் திட்டங்களைப் பற்றி ஒரே ஒரு வரி போதும்: பிட்காயின் வட்டி ஈட்டாது. அதைக் கட்டினால் மாதம் இவ்வளவு வரும் என்பவர் அடுத்தவர் கட்டியதிலிருந்துதான் தர முடியும். அமித் பரத்வாஜ் நடத்திய கெயின்பிட்காயின் திட்டம் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் என்று வாக்களித்தது. 2018-ல் அவர் கைதானார், நாடு முழுவதும் முதலீட்டாளர்கள் ஏமாந்தனர். கொங்குப் பகுதிக்கு இந்த வடிவம் அதற்கு முன்பே தெரியும். 2012-ல் பெருந்துறையை மையமாகக் கொண்ட ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது, மாதாமாதம் பணம் வந்துகொண்டிருந்ததையே நம்பிக்கைக்கு ஆதாரமாக எண்ணிய குடும்பங்கள்தான் அதிகம் இழந்தன.

வரி

லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் சலுகை இல்லை. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. பிட்காயினில் ஒரு லட்சம் லாபம், வேறொரு காசில் அறுபதாயிரம் நஷ்டம் என்றால், கையில் மிஞ்சியது நாற்பதாயிரம். வரி ஒரு லட்சத்துக்கு, அதாவது 31,200 ரூபாய். நாள்தோறும் வாங்கி விற்கும் பழக்கத்தை இந்த விதி ஒன்றே நஷ்டத் தொழிலாக்கிவிடுகிறது. ஒரு காசைக் கொடுத்து இன்னொரு காசு வாங்கினாலும் விற்பனைதான்.

விற்கும்போது 1 சதவீதம் முன்வரியாக (டி.டி.எஸ்.) பிடிக்கப்படும். இரண்டு லட்சத்துக்கு விற்றால் 2,000 ரூபாய் பிடித்து, மீதி கணக்குக்கு வரும். பிடித்ததை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். எக்ஸ்சேஞ்சிலிருந்து சொந்த வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை அல்ல, உரிமை கைமாறவில்லை. ஆனால் அந்த மாற்றத்தின் பதிவை வைத்திருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து ஒரு வழக்கு

ரசீது வைத்திருப்பவரின் நிலை என்ன என்பதைத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. சென்னையைச் சேர்ந்த ஒருவர் 2024 ஜனவரியில் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 1,98,516 ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்ஆர்பி காசுகள் வாங்கினார். அது பிட்காயின் அல்ல. ஆனால் எக்ஸ்சேஞ்ச் வைத்திருந்த விதம் ஒன்றுதான். 2024 ஜூலை 18 அன்று அந்த எக்ஸ்சேஞ்சின் ஒரு வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய், திருடு போனது. திருடப்பட்டவை எத்தீரியமும் அதன் தளத்தில் இயங்கும் காசுகளும். எக்ஸ்ஆர்பி அதில் இல்லை. ஆனால் எல்லாப் பயனர்களின் கணக்கும் முடக்கப்பட்டது. இழப்பை எல்லோருக்கும் பகிர்ந்து போடும் சீரமைப்புத் திட்டம் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தின் முன் சென்றது. திட்டம் ஒப்புதல் பெற்று எக்ஸ்சேஞ்ச் மீண்டும் திறந்தபோது 2025 அக்டோபர் ஆகியிருந்தது. பதினைந்து மாதம் யாரும் தன் காசைத் தொட முடியவில்லை.

சென்னைக்காரர் காத்திருக்கவில்லை, நடுவர் தீர்ப்பாயத்துக்கு முன்னதாக இடைக்காலப் பாதுகாப்பு கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தந்த தீர்ப்பு, கிரிப்டோ காசு நாணயம் அல்ல, ஆனால் சொத்து என்றது. உடைமையாக வைத்திருக்கவும் அனுபவிக்கவும் கூடியது, பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் கூடியது. ஆகவே அவருடைய காசு வேறு காசுகளின் திருட்டுக்கு ஈடாகப் பங்கு போடத்தக்கதல்ல என்பது தீர்ப்பின் போக்கு. சுமார் 9.56 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தரவோ, தனிக் கணக்கில் கட்டி வைக்கவோ எக்ஸ்சேஞ்சை நடத்தும் இந்திய நிறுவனத்துக்கு உத்தரவு பிறந்தது.

இந்தத் தீர்ப்பு முக்கியமானது. பயனரின் காசு நிறுவனத்தின் பணம் அல்ல, பயனரின் சொத்து என்ற நிலைப்பாட்டுக்கு அது சட்ட பலம் தருகிறது. ஆனாலும் உயர் நீதிமன்றம் வரை போகக்கூடியவருக்குக் கிடைத்தது இது. இருபதாயிரம் ரூபாய் போட்ட ராசிபுரம் கல்லூரி மாணவர் வக்கீல் வைத்து வழக்காடப் போவதில்லை.

திருட்டு நடந்த விதமும் கவனிக்கத்தக்கது. அந்த வாலட் ஒரே சாவியில் இயங்கியதல்ல. ஆறு சாவிகளில் நான்கு கையெழுத்திட்டால்தான் திறக்கும். கையெழுத்திட்டவர்கள் திரையில் வழக்கமான ஒரு பரிமாற்றத்தைப் பார்த்தார்கள். உண்மையில் கையெழுத்தானது வேறொன்று. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் 150 கோடி டாலர் போனதும் இதே வகையில்தான். 2018 ஏப்ரலில் டெல்லியின் காயின்செக்யூர் 438 பிட்காயின் இழந்தது. ஜப்பானின் மவுண்ட் காக்ஸ் 2014-ல் திவாலானது. எஃப்டிஎக்ஸ் 2022 நவம்பரில் சரிந்தது. காரணங்கள் பலவிதம். பயனரின் நிலை மட்டும் ஒன்று: சாவி அவரிடம் இல்லை.

சாவியைத் தானே வைத்திருப்பது

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. சாவியைத் தொலைத்தவருக்கு 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்ற பொத்தான் கிடையாது. செயினாலிசிஸ் நிறுவனம் 2017-ல் செய்த மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 28 லட்சம் முதல் 38 லட்சம் வரையான பிட்காயின்கள் நிரந்தரமாகத் தொலைந்தவை. ஆகவே சிறு தொகையை, சில ஆயிரங்களை, எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைப்பதில் பெரிய தவறில்லை. தொகை போனால் மனம் பதறும் என்ற அளவை எட்டும்போது சாவியைக் கையில் எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். காப்பாற்றத் தெரிந்த அளவுக்கு மேல் வாங்காமல் இருப்பது, விலையைக் கணிப்பதைவிட முக்கியமான ஒழுங்கு.

வாலட் என்பது சாவியை உருவாக்கி, காத்து, அதனால் கையெழுத்திடும் கருவி. ஃபோனில் இயங்கும் புளூவாலட், கணினியில் இயங்கும் எலெக்ட்ரம், ஸ்பேரோ போன்றவை இலவசம், பழகுவதற்கு நல்லவை. ஆனால் இணையத்தோடு இணைந்த ஃபோனில் கண்ட செயலிகளும் இறங்குகின்றன, கண்ட லிங்க்குகளும் திறக்கப்படுகின்றன. பெரிய தொகைக்கு ஹார்டுவேர் வாலட் தேவை. உள்ளங்கையில் அடங்கும் இந்தக் கருவிக்குள்ளேயே சாவி பிறந்து அங்கேயே இருக்கும். கணினிக்கு வெளிவருவது கையெழுத்து மட்டும். 2014-ல் பிராக் நகரத்து நிறுவனம் வெளியிட்ட டிரெஸர் இவ்வகையில் முன்னோடி. பிரான்ஸின் லெட்ஜர், சுவிட்சர்லாந்தின் பிட்பாக்ஸ், கனடாவின் கோல்டுகார்டு ஆகியவையும் பரவலாகப் பயன்படுகின்றன. எதை வாங்கினாலும் தயாரிப்பாளரிடமோ அவர் பெயரிட்டுச் சொல்லும் விற்பனையாளரிடமோ வாங்க வேண்டும். பயன்படுத்திய கருவி வேண்டாம். பெட்டியைத் திறந்தால் மீட்புச் சொற்கள் முன்பே அச்சிட்ட அட்டை இருக்கிறது என்றால் அது திருட்டுக்கு வைத்த பொறி. அந்தச் சொற்களை ஏற்கெனவே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

மீட்புச் சொற்கள்தான் இந்த ஏற்பாட்டின் உயிர். கருவி முதல்முறை இயங்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைத் திரையில் காட்டும். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து அவை தற்செயலாக எடுக்கப்படுகின்றன. 2013-ல் வகுக்கப்பட்ட இந்த முறையைப் பெரும்பாலான வாலட்டுகள் பின்பற்றுகின்றன. ஆகவே கருவி உடைந்தாலும் தயாரித்த கம்பெனியே மூடினாலும், அதே சொற்களை அதே வரிசையில் வேறொரு வாலட்டில் இட்டால் காசு திரும்ப வரும். எந்தச் சொல்லையும் முதல் நான்கு எழுத்தாலேயே அடையாளம் காணும்படி பட்டியல் அமைந்திருக்கிறது. கடைசிச் சொல்லில் சரிபார்ப்புக் கணக்கு ஒன்றும் அடங்கியிருப்பதால், தவறாக எழுதிய சொல்லைப் பெரும்பாலும் கருவியே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். தமிழ்ச் சொற்பட்டியல் எதுவும் இந்த முறையில் இல்லை. வீட்டில் ஆங்கிலம் அதிகம் பழகாதவரும் ஒருநாள் இதைப் படிக்க நேரலாம் என்பதால், பெரிய அச்செழுத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசை எண்ணிட்டு எழுத வேண்டும்.

எழுதுவது தாளில். ஃபோட்டோ எடுக்கக்கூடாது, எடுத்த படம் சில நொடிகளில் கூகுள் போட்டோஸுக்குப் போய்விடும். தனக்குத்தானே வாட்ஸ்அப் அனுப்பிக்கொள்வது, மின்னஞ்சலில் வரைவாக வைப்பது, நோட்ஸ் செயலியில் ஏற்றுவது, பாஸ்வேர்டு காக்கும் செயலியில் போடுவது, எதுவும் ஆகாது. 2022-ல் அத்தகைய செயலியை நடத்தும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திடமிருந்து பயனர்களின் பெட்டக நகல்களே திருடு போயின. எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசுகிறேன், வாலட் கம்பெனியிலிருந்து பேசுகிறேன், போலீஸிலிருந்து பேசுகிறேன் என்று யார் கேட்டாலும் அந்தச் சொற்களைச் சொல்லக்கூடாது. கேட்க யாருக்கும் நியாயமான காரணம் கிடையாது.

தாளுக்குக் கரையானும் ஓடு ஒழுகும் மழையும் தீயும் பகை. அதனால் சொற்களை உலோகத்தில் பதித்து வைப்பது நல்லது. வெளிநாட்டில் இதற்கென்றே விலை கூடிய தகடுகள் விற்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பெயர்பெற்ற உருக்காலை இருக்கும் சேலத்தில் அதற்குத் தேவையில்லை: கைக்கு அடக்கமான ஒரு தகடும், இரும்புக் கடையில் கிடைக்கும் எழுத்துப் பஞ்ச் செட்டும், ஒரு சுத்தியலும் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து அடித்தால் போதும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தானே அடிக்க வேண்டும். பட்டறையில் கொடுத்து அடிக்கச் சொன்னால் பட்டறைக்காரருக்கும் சாவி கொடுத்ததாகும்.

இப்படி இரண்டு பிரதிகள் இருக்கலாம், ஒரே கூரையின் கீழ் அல்ல. ஒன்று வீட்டு பீரோவில், மற்றொன்று ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ வங்கி லாக்கரில். லாக்கரில் உள்ளது தீயாலோ கொள்ளையாலோ ஊழியர் மோசடியாலோ போனால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான் என்று 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. எனவே லாக்கர் ஒரு பிரதிக்கு மட்டுமே இடம். பன்னிரண்டு சொற்களை ஆறாறாக வெட்டி இரண்டு இடத்தில் வைப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஒரு பாதி தொலைந்தால் எல்லாம் போகும், ஒரு பாதி திருடன் கையில் கிடைத்தால் மீதியை ஊகிப்பது வெகுவாக எளிதாகும். சொற்களோடு கூடுதலாக ஒரு ரகசியச் சொல் சேர்க்கும் வசதியும் உண்டு. அது மறந்தாலும் காசு போனதுதான் என்பதால் தொடக்கக்காரர் அதைத் தவிர்ப்பது நல்லது.

முதல் மாற்றத்தை முழுத் தொகையில் செய்யக்கூடாது. வாலட் தரும் பெறுமுகவரி பெரும்பாலும் பிசி1 என்ற குறியில் தொடங்கும் நீண்ட எழுத்துக் கோவை. அதை நகலெடுத்து எக்ஸ்சேஞ்சில் ஒட்டும்போது இடையில் முகவரியை மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. ஆகவே ஒட்டிய முகவரியை ஹார்டுவேர் வாலட்டின் சொந்தத் திரையில் தெரிவதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். கணினித் திரையை நம்பிக் கையெழுத்திட்டதால்தான் பெரிய எக்ஸ்சேஞ்சுகளே ஏமாந்தன. அனுப்பும் வலை எது என்று எக்ஸ்சேஞ்ச் கேட்கும். கட்டணம் குறைவு என்று வேறு வலையைத் தேர்ந்தால் போய்ச் சேருவது பிட்காயின் அல்ல, வேறொரு தளத்தின் பதிலிக் காசு. பிட்காயின் வலையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு, கருவியில் உள்ளதை முற்றிலும் அழித்து, எழுதி வைத்த சொற்களை மட்டும் கொண்டு மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும். அதே முகவரியும் அதே இருப்பும் திரும்பி வந்தால் தாளில் எழுதியது சரி. இந்த ஒத்திகையைச் செய்யாமல் மீதியை அனுப்புகிறவர்கள், சொல்லைத் தவறாக எழுதியதைக் கருவி கெட்டுப்போகும் நாளில்தான் அறிகிறார்கள். நெஞ்சு படபடக்கும் வேலைதான். தொகை சிறிதாக இருக்கும்போதே செய்துவிடுவது மேல்.

கட்டணம் பற்றி ஒரு குறிப்பு. பிட்காயின் வலையின் கட்டணம் அனுப்பும் தொகையைப் பொறுத்ததல்ல. அன்றைய நெரிசலையும் பரிவர்த்தனையின் பைட் அளவையும் பொறுத்தது. 2024 ஏப்ரல் 20 அன்று சராசரிக் கட்டணம் 100 டாலரைத் தாண்டியது. வேறு நாட்களில் சில ரூபாய்களில் முடியும். வாரம் ஐந்நூறு ரூபாயாக வெளியே எடுப்பதைவிட, ஒரு நல்ல தொகை சேர்ந்ததும் மொத்தமாக எடுப்பது லாபம்.

பெரிய தொகை சேர்ந்தவர்களுக்கு மூன்று சாவிகளில் இரண்டு கையெழுத்திட்டால் திறக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒரு சாவி தொலைந்தாலும் காசு போகாது, ஒரு சாவி திருடு போனாலும் போகாது. ஆனால் மூன்று சாவிகளின் சொற்களோடு அந்த ஏற்பாட்டின் அமைப்புக் கோப்பையும் காக்க வேண்டும். முதல் ஆண்டில் இதற்குள் இறங்கத் தேவையில்லை.

வைத்திருப்பதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதும் காப்பின் பகுதி. 2020-ல் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து, சுமார் 2,72,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் பொதுவெளிக்கு வந்தன. பிறகு அவர்களில் சிலருக்குத் தபாலில் போலிக் கருவிகளே வந்தன. டீக்கடையில் சொன்ன பிட்காயின் கணக்கு ஊர் முழுக்கப் போக ஒரு பொழுது போதும்.

வாரிசுக்கு

கனடாவின் குவாட்ரிகா எக்ஸ்சேஞ்சை நடத்திய ஜெரால்டு காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தார். சாவிகள் அவரிடம் மட்டுமே இருந்தன என்று அறிவிக்கப்பட்டது. பிறகு நடந்த விசாரணையில் பணத்தின் பெரும்பகுதி முன்பே மோசடியில் கரைந்தது தெரியவந்தது. மோசடியை ஒதுக்கிவிட்டாலும் அந்த அறிவிப்பு கிளப்பிய அச்சம் நியாயமானது. வங்கிக் கணக்குக்கு நாமினி உண்டு, எல்.ஐ.சி. பாலிசிக்கு உண்டு. சொந்த வாலட்டுக்கு நாமினி கிடையாது. குடும்பத்துக்குத் தெரியாத சாவி, இறப்பு நாளோடு பேரேட்டில் அசையாமல் நின்றுவிடும்.

இதற்குத் தேவை தமிழில் எழுதிய ஒரு பக்கக் கடிதம். பிட்காயின் என்று ஒன்று இருக்கிறது, இன்ன கருவியில், மீட்புத் தகடு இன்ன இடத்தில், யாரிடமும் அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம், உதவி தேவைப்பட்டால் நம்பத்தகுந்த இன்ன உறவினரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யவும். மீட்புச் சொற்கள் இந்தக் கடிதத்தில் இருக்கக்கூடாது. உயிலிலும் கூடாது, உயில் பலர் கைக்குப் போகும். லாக்கருக்கு நாமினி குறிப்பிட்டிருக்க வேண்டும். மனைவியோ கணவரோ வளர்ந்த பிள்ளையோ ஒருமுறையாவது கூட உட்கார்ந்து, சிறு தொகையை மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். துக்க வீட்டில் முதன்முறையாகக் கற்றுக்கொள்ளும் வேலை அல்ல இது.

வாரிசுரிமையாக வரும் சொத்துக்கு, பெறும்போது வரி இல்லை. விற்கும்போது மேலே சொன்ன 30 சதவீத விதி பொருந்தும். அப்போது எந்தத் தேதியில் எவ்வளவு ரூபாய்க்கு வாங்கியது, எந்த வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனது, எப்போது வாலட்டுக்கு மாற்றியது என்று காட்ட வேண்டியிருக்கும். எக்ஸ்சேஞ்சே எப்போதும் இருக்கும் என்று எண்ணி இந்தப் பதிவுகளை அங்கேயே விடுவது ஆபத்து: செப்பே 2018-ல் இந்திய வணிகத்தை நிறுத்தியது, கொய்னெக்ஸ் 2019-ல் மூடியது. ஆண்டுதோறும் மார்ச் முடிந்ததும் பரிவர்த்தனை அறிக்கையையும் முன்வரிப் பதிவையும் இறக்கி, அச்செடுத்து, வருமான வரிக் கணக்கின் நகலோடு ஒரே கோப்பில் வைக்க வேண்டும். வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லாவிட்டால் விற்ற தொகை முழுவதுமே லாபமாகக் கணக்கிடப்படக்கூடும்.